பொன்மணியைக் கொன்றது சினிமா இல்லை, ஐயா

"சினிமாப் படம்தான் எங்கட பிள்ளையளைக் கெடுக்குது."

இந்த வசனத்தைச் சுவிசில் கேட்காத தமிழர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் கேட்கும், தேர்த் திருவிழாவில் கேட்கும், ஆண்டு விழா மேடையில் மைக்கிலும் கேட்கும். சொல்கிறவர் அநேகமாக அறுபது தாண்டிய ஒரு ஐயா. கெட்ட மனிசன் இல்லை. இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஆனால் அவர் சொல்ல வருவது என்ன என்பதைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கவேண்டும். அவர் அரிவாள் படங்களைச் சொல்லவில்லை. ஒரு பெட்டையைப் பின்னால் துரத்தித் துரத்திக் கரைச்சல் கொடுப்பதைக் காதல் என்று காட்டுகிறார்களே, அதையும் சொல்லவில்லை. (அதைச் சொன்னால் நானும் எழும்பி நின்று கைதட்டுவேன்.) அவர் சொல்வது காதலை. அதிலும் எல்லாக் காதலையும் இல்லை. ஒரே ஊர், ஒரே ஆக்கள் என்றால் "பிள்ளையள் தாங்களே பாத்து முடிச்சிட்டினம், எங்களுக்கும் புரோக்கர் காசு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டு கார்ட் அடிப்பார். பெடியன் "எங்கட ஆக்கள்" இல்லை என்றால் மட்டும்தான் சினிமா வந்து கெடுத்துவிடுகிறது.

நான் சொல்வது இதற்கு நேர்மாறு. தமிழ்ச் சினிமா உங்கள் பிள்ளைகளைக் கெடுக்கவில்லை ஐயா. பெரும்பாலும் அது உங்கள் பக்கம் நின்றுதான் வேலை செய்தது. எங்களைப் பற்றி, எங்கள் மண்ணில் எடுத்த ஒரு படம் மட்டும் உங்களைப் பார்த்துக் கை நீட்டியது. அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவேயில்லை.

முதலில் நீங்கள் பார்த்த படங்களுக்கு வருகிறேன். 1953இல் வந்த தேவதாஸ். நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்தது. தேவதாசைக் கொன்றது யார்? குடி. தகப்பன் பெட்டையை வேண்டாம் என்றதும், அந்தஸ்து பார்த்ததும் எல்லாம் முதல் பாதியில் முடிந்துவிடும். மிச்சப் படம் முழுக்கப் போத்தல். சனம் குடியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. 1981இல் அலைகள் ஓய்வதில்லை. பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேரும் நடந்து போனார்கள், விளக்குப் போட்டார்கள். அடுத்த நாள் அவர்களுக்கு யார் வாடகைக்கு வீடு கொடுத்தான் என்று பாரதிராஜா காட்டவில்லை. 1997இல் சேரனின் பாரதி கண்ணம்மா. அவள் தானே உயிரை விடுகிறாள், அவன் அவளுடைய சிதையில் பாய்கிறான். கவனித்தீர்களா? ஒருவரும் ஒருவரையும் கொல்லவில்லை. காதலித்தவர்களே தங்களைத் துப்புரவாக முடித்துக்கொண்டு, பெரியவர்களுக்குக் கை கழுவுகிற வேலையைக்கூட மிச்சமாக்கிக் கொடுக்கிறார்கள்.

இதில் கெட்டித்தனமானது 2004 கடைசியில் வந்த காதல். பாலாஜி சக்திவேல் இயக்கியது. நல்ல படம், நான் மறுக்கவில்லை. மதுரையின் ஒர்க்சொப்பும் சந்துகளும் அப்படியே இருக்கும். மெக்கானிக் பெடியனும் வசதியான வீட்டுப் பள்ளிக்கூடப் பெட்டையும் சென்னைக்கு ஓடுகிறார்கள், தாலி கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் நைசாகக் கதைத்துத் திருப்பிக் கொண்டுவந்து அவனை அடி அடியென்று அடிக்கிறார்கள். அவனைக் காப்பாற்ற அவள் தாலியைக் கழற்றிக் கொடுக்கிறாள். இதுவரைக்கும் சரி. பிறகு வருகிறது பாருங்கள் அந்த முடிவு. சில வருசம் கழித்து அவள் வேறொருவனின் மனைவி, கையில் பிள்ளை. ரோட்டில் பைத்தியமாகத் திரிகிறவனைக் காண்கிறாள். புருசன் அவளையும் தாங்கி, அந்தப் பெடியனையும் வைத்தியத்துக்குச் சேர்க்கிறான். தியேட்டரே அழுதது. எதற்கு அழுதது? அந்தப் புருசனின் பெரிய மனதுக்கு. அடித்த தகப்பன் எங்கே? சித்தப்பன் எங்கே? அவர்கள் திரையைவிட்டு இறங்கிக் கனநேரம். எங்களுக்கும் அவர்கள் ஞாபகத்தில் இல்லை. வீட்டுக்காரர் பார்த்துக் கட்டிக் கொடுத்த மாப்பிள்ளைதான் கடைசியில் கடவுளாக நிற்கிறார். பேச்சுக் கலியாணத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் யாராவது எடுக்க முடியுமோ?

அந்தப் படம் வருவதற்கு ஒன்றரை வருசத்துக்கு முன்னர், 2003 யூலையில், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனையும் கண்ணகியையும் பிடித்து, மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பெட்டையின் சொந்தத் தகப்பனும் தமையனும் நின்று செய்தது. அவர்கள் பதிவுத் திருமணம் செய்து சில மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முருகேசன் எஞ்சினியரிங் படித்த தலித் பெடியன். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வர 2021 செப்டெம்பர் ஆனது. பதினெட்டு வருசம்! தண்டனை பெற்ற பதின்மூன்று பேரில் பொலிஸ்காரரும் அடக்கம். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே பைத்தியமும் இல்லை, பெரிய மனது படைத்த மாப்பிள்ளையும் இல்லை. குற்றவாளிகளுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, காணி இருந்தது. சினிமா அழிக்கிறது அந்த முகங்களைத்தான்.

இது எங்களுடைய வருத்தம் மட்டும் இல்லை. எங்கள் குசினியில் ஒரு மெக்சிக்கோக்காரன் வேலை செய்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பின்னேரம் திரும்பத் தொடங்கும் வரைக்கும் இருக்கிற அந்த மூன்று மணித்தியால இடைவெளி, இங்கே "சிம்மர்ஸ்ருண்ட" என்பார்கள், ரெஸ்ரோரண்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகவும் காணாது, இருக்கவும் அலுப்பு. அந்த நேரத்தில் ஒருநாள் தன்னுடைய போனில் ஒரு பழைய படத்தைப் போட்டு எனக்குக் காட்டினான். மரியா கந்தெலாரியா. எமிலியோ பெர்னாண்டஸ் எடுத்தது, தோலோரஸ் தெல் ரியோ கதாநாயகி. 1946இல் கான் விழாவில் பெரிய பரிசு வாங்கின படங்களில் ஒன்று. அவர்களுக்கு அது எங்களுடைய பாசமலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தாய்மார் தலைமுறை தலைமுறையாக அழுத படம்.

கதை சின்னக் கதை. தண்ணீரும் பூந்தோட்டமுமான ஒரு பழங்குடிக் கிராமம். தாய் "நடத்தை சரியில்லாதவள்" என்று மகளையும் ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒருவன் மட்டும் அவளை விரும்புகிறான். அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் வருகிறது. கடைக்காரன் மருந்தைக் கொடுக்க மாட்டான், இவன் கடையை உடைத்து மருந்தையும் அவளுக்குக் கலியாணத்துக்கு ஒரு சட்டையையும் எடுக்கிறான். மறியல். அவனை வெளியே எடுக்கக் காசு வேண்டி அவள் ஒரு ஓவியனுக்கு முகத்தைக் காட்டி நிற்கிறாள். ஓவியன் அவளுடைய தலையையும் வேறு ஒருத்தியின் உடுப்பில்லாத உடம்பையும் சேர்த்து வரைகிறான். ஊர் அதைக் கண்டுவிடுகிறது. துரத்தித் துரத்திக் கல்லால் எறிந்து கொல்கிறது.

"யார் கொன்றது?" என்று அவனைக் கேட்டேன். ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் கிராமம் என்றும் அர்த்தமாம், சனம் என்றும் அர்த்தமாம். அட, எங்களுடைய "ஊர்" என்றேன். "ஊர் என்ன சொல்லும்" என்கிறபோது நாங்கள் காணி பூமியையா சொல்கிறோம்?

ஊரே கல்லெறிகிறது என்று காட்டியதற்காக அந்தப் படத்தை மெச்சலாம். ஆனால் அங்கேயும் தப்பி ஓட ஒரு பின்கதவு வைத்திருக்கிறார்கள். கதை 1909இல் நடக்கிறது. அதை ஓவியன் வயதுபோன பிறகு நினைத்துச் சொல்கிறான். ஆகவே மெக்சிக்கோ நகரத்துத் தியேட்டரில் கதிரையில் இருந்து அழுதவர்கள், அந்தக் காலத்து அந்தச் சனத்துக்காக அழுதார்கள். அந்தச் சனம் நாங்கள் இல்லை என்கிற நிம்மதியோடு அழுதார்கள். இப்படி அழுவது சுகமான அழுகை, காசு கொடுத்து வாங்கலாம்.

இப்போது பொன்மணிக்கு வருவோம்.

பொன்மணி 1977இல் வந்த படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவர், அந்த நாட்களில் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 2018இல் காலமானார். கதை எழுதினவர் காவலூர் இராசதுரை. பெயரிலேயே ஊர் இருக்கிறது. நடித்தவர்களில் கொஞ்சப்பேர் தொழில் நடிகர்களே இல்லை, படித்த, எழுதுகிற, வானொலியில் கதைக்கிற ஆட்கள். பிறகு ரூபவாஹினியில் செய்தி வாசித்த கமலா தம்பிராஜா அதில் நடித்தவர் என்றால் ஐயாமாருக்கு முகம் ஞாபகம் வரும். நான் அந்த வளாகத்தில் கலைப்பீடத்தில் இருந்த காலத்தில், அது 2006க்கு முன்னம், படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு அண்ணை இருந்தார். படத்தைப் பார்த்தது கனகாலம் கழித்து இங்கே வந்துதான், ஒரு பழுதான பிரதியில். பட்டத்தை முடிக்காமல் வெளிக்கிட்டு வந்த எனக்கு அந்த வளாகம் கடைசியாகத் தந்த பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீடு யாழ்ப்பாணத்து வெள்ளாள வீடு. பெரிய பகட்டான வீடும் இல்லை. வயது ஏறிக்கொண்டு போகிற அக்காமாருக்குச் சீதனம் இல்லை. சீதனம் இல்லாததால் கலியாணம் இல்லை. அந்த வீட்டுப் பெட்டை பொன்மணி, அந்த வீடு தங்களுக்குக் குறைவு என்று நினைக்கிற சாதியில் ஒரு பெடியனை விரும்பி அவனோடு போகிறாள். கொல்லப்படுகிறாள். அவ்வளவுதான். குடியில் சாகவில்லை, காய்ச்சலில் சாகவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை, சிதையிலும் பாயவில்லை. மானம் என்று ஒரு சாமான் வீட்டில் இருந்தது, அது அவளைக் கொன்றது.

இதிலே முக்கியம் என்னவென்றால் அந்தச் சீதனமும் அந்தக் கொலையும் ஒரே கதையில் இருப்பது. அக்காமார் வீட்டுக்குள்ளே இருந்து மெல்ல மெல்லச் சாகிறார்கள், தங்கச்சி வெளியே போய் ஒரேயடியாகச் சாகிறாள். இரண்டையும் செய்தது ஒரே கணக்குப் புத்தகம். எங்களுடைய எந்த அழுகைப் படமும் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினதாக எனக்குத் தெரியவில்லை. அக்கா கலியாணமாகாமல் இருந்தால் தம்பிமார் பாசம் என்று ஒரு படம் எடுப்பார்கள். தங்கச்சி ஓடினால் கௌரவம் என்று வேறொரு படம் எடுப்பார்கள்.

படம் ஓடவில்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பார்த்துப் பழகின சனத்துக்கு அது மெதுவான படம், அது உண்மை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்த்து இரண்டு நொண்டிச்சாட்டு அன்றைக்கும் இருந்திருக்கும், இன்றைக்கும் பொன்மணியின் பெயர் எடுத்தால் வருகிறது. இரண்டையும் நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒன்று, "அது ஒரு சிங்களவன் எங்களைக் கேவலப்படுத்த எடுத்தது." படம் வந்த வருசத்தைப் பார்த்தால் இந்தக் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஓகஸ்டில் தமிழருக்கு அடி. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு அழுக்கை எடுத்து வெளியில் காயப்போட்டால் யாருக்குப் பிடிக்கும்? சரி. ஆனால் கதை இராசதுரையின் கதை. கதைத்தது எங்களுடைய தமிழ். அழுக்கும் எங்களுடையது. ஒரு சிங்களவர் வந்து கமெரா வைத்துத்தான் அதைக் காட்டவேண்டியிருந்தது என்றால், வெட்கம் யாருக்கு?

இரண்டாவது, "அதெல்லாம் அந்தக் காலத்திலயே முடிஞ்சுபோன கதை." எந்தக் காலத்தில் ஐயா? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு வருசம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் சனத்தை உள்ளே விடாமல் மறித்து நின்றார்கள். மறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் சண்டியன் இல்லை, முன்னாள் மந்திரியும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். பொன்மணி வந்தது அதற்கு ஒன்பது வருசம் கழித்து. பிறகு இயக்கங்கள் வந்தன, சாதி கதைக்கப் பயந்த ஒரு காலம் வந்தது. பயந்தது வாய்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமக்கள் தேவைப் பகுதியைப் பாருங்கள். "யாழ். இந்து உயர்குலம்" என்று எழுதி, அதற்குக் கீழே சுவிஸ் பிரஜாவுரிமையும் எழுதியிருப்பார்கள். வெளிநாடு மாறிய கையோடு எல்லாம் மாறின எங்களுக்கு, அந்த ஒரு சொல் மட்டும் விமானத்தில் பாரம் கூடாமல் வந்து சேர்ந்துவிட்டது.

பூம்ப்ளிசுக்கு வருகிறேன். இந்த இடத்தின் பெயர் சுவிஸ் முழுக்கத் தெரிந்ததே ஒரு காதல் பாட்டால்தான். பற்றென்ட் ஒக்ஸ்னர் என்கிற பேர்ண் இசைக்குழு 90களில் பாடியது, பூம்ப்ளிஸ் பெட்டை ஒருத்தியைப் பற்றி. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டுப் பாடம். அவர்கள் இங்கே பாலர் பாடசாலையிலிருந்து ஒன்றாகப் படித்து, ஒரே ட்ராமில் போய் வந்து, ஒரே இடத்தில் தொழில் பழகி, அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பினால், பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி "ஊரில எவடம்?" பெடியன் பிறந்ததே பேர்ணில். அவனுக்கு எவடம் என்று தெரியாது. அப்ப தாய் தகப்பன் எவடம்? அந்த ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? நாலாவது கேள்வியில் விசயம் பிடிபட்டுவிடும். பொலிஸ் விசாரணை தோற்றுப்போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. பெயர், ஊர் ஒன்றும் சொல்லமாட்டேன், அடையாளமும் மாற்றித்தான் எழுதுகிறேன். மகள் நேர்ஸ். விரும்பினவனைச் சிவில் முறையில் பதிவு செய்தாள். தகப்பன் "தலை முழுகியாச்சு" என்று சொன்னார். சொன்னதோடு விடவில்லை, வீட்டில் இருந்த அவளுடைய படங்களை எல்லாம் கழற்றினார். சாமத்திய வீட்டு அல்பத்தைக் கூட. இப்போது அவளுக்கு மூன்று வயதுப் பிள்ளை. தாய்க்காரி பேரப்பிள்ளையைப் பார்ப்பது ஏழாம் நம்பர் ட்ராமில். மகள் ஒரு தரிப்பில் ஏறுவாள், தாய் இருந்த சீற்றுக்கு முன்னால் இருப்பாள், நாலைந்து தரிப்புக்குப் பிள்ளை அம்மம்மாவின் மடியில் இருக்கும், பிறகு இறங்கிவிடுவார்கள். மனிசன் வேலைக்குப் போன நேரம் பார்த்து. ஏன் ட்ராம் என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது: "வீட்டில எண்டால் ஆரும் காணுங்கள் தம்பி. ட்ராமில எண்டால் தற்செயல் எண்டு சொல்லலாம்."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கதை சொன்னவுடனே ஒரு பதில் வரும். "நாங்கள் ஒருத்தரையும் கொல்லேல்லையே, தம்பி." கொல்லவில்லை. மெய்தான். இங்கே சட்டம் வேறு. 2013 யூலையிலிருந்து ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கலியாணம் செய்விப்பது சுவிசில் தனிக் குற்றம், ஐந்து வருசம் வரைக்கும் மறியல் கிடைக்கலாம். ஆனால் தலை முழுகுவதற்குச் சட்டம் இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டு முழுக்கு முழுகுகிற ஒரு சனம், தான் கொலைகாரன் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், அந்த முழுக்கு எதற்கு வைத்த முழுக்கு என்று ஒருக்கால் யோசிக்கவேண்டும். அந்த மனிசன் வீட்டில் காதல் படத்தின் டிவிடி இருக்கிறது. அவர் அதைப் பார்த்து அழுதவர் என்று அந்த அம்மா சொன்னா. நான் நம்புகிறேன். கட்டாயம் அழுதிருப்பார். அந்தப் படத்தில் தன்னைத் தேடிப்பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

ஆகவே சினிமாவைத் திட்டுகிற ஐயாமாரே, அது உங்களுக்குச் செய்த உபகாரத்துக்கு நீங்கள் நன்றி மறக்கக்கூடாது. உங்கள் முகத்தைக் காட்டாமல் மறைத்து, பழியை விதியிலும் போத்தலிலும் போட்டு, உங்களை அழவும் வைத்து அனுப்பியது அதுதான். பிள்ளைகள் சினிமாவைப் பார்த்துக் காதலிப்பதாக இருந்தால், அந்தப் படங்களில் காதலித்தவர்கள் எல்லாரும் சாவதைப் பார்த்து இவ்வளவுக்கும் பயந்து விட்டிருப்பார்கள். அவர்கள் காதலிப்பது ஒரே ட்ராமில் போய் வருவதால்.

இளம் பெடியளுக்கும் ஒரு சொல். ஈழத்தமிழருக்கென்று ஒரு சினிமா இல்லை, நாங்கள்தான் தொடங்கவேண்டும் என்று குறும்பட விழாக்களில் கதைக்கிறீர்கள். 1960களிலிருந்து எடுத்தார்கள் தம்பிமாரே. குத்துவிளக்கு 1972. வாடைக்காற்று 1978, செங்கை ஆழியான் நாவல். 1983 யூலையில் ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள், சாம்பலானதற்கு நாங்கள் பொறுப்பில்லை. சாம்பலாகாமல் மிஞ்சினதைப் பார்க்காமல் விட்டதற்கு யார் பொறுப்பு?

எந்தச் சங்கமாவது, எந்த மன்றமாவது மண்டபம் எடுத்தால் பொன்மணியைப் போடலாம். பிரதி கொண்டுவருவது என் பொறுப்பு. ரோல்சும் வடையும் தேத்தண்ணியும் நானே செய்துகொண்டு வருகிறேன், காசு வேண்டாம். படம் முடிந்த பிறகு யாரும் பேச்சுப் பேசக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. திங்கட்கிழமையாக இருந்தால் நல்லது, அன்றைக்குத்தான் எங்கள் ரெஸ்ரோரண்ட் பூட்டு.